பிரமாதி வருஷத்துக் காகிதம்

ஆண்டியப்ப அம்பலம் செத்த பதின்மூன்றாம் நாள், அவர் மகள் செவந்தி தன் அண்ணன் உடையப்பனின் தகரப் பெட்டியைத் திறந்து பார்த்தாள். தேடினாள் என்று சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். அப்பாவின் வேட்டி ஒன்றை ஞாபகத்துக்கு எடுத்து வைக்கலாம் என்று திறந்தாளாம். அப்பாவின் வேட்டி அண்ணன் பெட்டியில் எதற்கு இருக்கப்போகிறது என்று அவளைக் கேட்க அப்போது அங்கே ஆள் இல்லை.

சாவுச் செய்தி கேட்டு வந்து இறங்கிய நாள் முதலாகவே அவள் மனசு சரியாக இல்லை. அப்பாவின் ஊர் இலுப்பூருக்கு மேற்கே இரண்டு மைல். அவளைக் கட்டிக்கொடுத்தது அறந்தாங்கிப் பக்கம். பஸ் ஏறி, வண்டி பிடித்து வந்து சேர்ந்தபோது பாடை கட்டத் தொடங்கிவிட்டார்கள். வைகாசி வரைக்கும் வயலில் நின்று ஆட்களை வேலை வாங்கிய மனுஷர், ஆனி பிறந்து ஒன்பதாம் நாள் கண்ணை மூடிவிட்டார் என்றால் பெற்ற மகளுக்கு எப்படி ஆறும்? வயிற்றுப்போக்கு, மூன்று நாள், அவ்வளவுதான் என்றாள் உடையப்பனின் மனைவி சொர்ணம்.

"கஞ்சியெல்லாம் நீங்கதான் குடுத்தீங்களா அண்ணி?" என்று செவந்தி கேட்டாள்.

"நா எங்கிட்டுக் குடுத்தேன்? ஒங்கண்ணன் என்னைய அடுப்புப் பக்கமே விடல. கஞ்சி வச்சது அவரு, மருந்து ஒரசுனது அவரு. வேற ஆளு கையே படக் கூடாதுன்னுட்டாரு."

குடிக்கிற தண்ணீரைக்கூடத் தானாக மொண்டு குடித்தறியாத அண்ணன் கஞ்சி வைத்தானாம். செவந்தி அதை மனசுக்குள் முடிந்து வைத்துக்கொண்டாள்.

அடுத்த முடிச்சைப் போட்டவள் பக்கத்து வீட்டுக் காத்தாயி. காத்தாயிக்குக் காது கொஞ்சம் நீளம். வைகாசியில் ஒரு நாள் அப்பனும் மகனும் பின்கட்டில் போட்ட சண்டையை அவள் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டிருக்கிறாள். "எதுக்குன்னு தெரியல ஆத்தா. 'நீ இதைச் செஞ்சா நா உசுரோட இருக்க மாட்டேன்டா'ன்னு அம்பலம் கத்துனாரு. ஒங்கண்ணன் வாயே தொறக்கல. மறுநாள்லருந்து ரெண்டு பேரும் பேசிக்கிறதில்ல."

மூன்றாவதை அவளே காதால் கேட்டாள். பாடையைத் தூக்கும்போது உடையப்பன் அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு, "நாந்தானப்பா, எல்லாம் என்னாலதான்" என்று முனகினான். துக்கத்தில் எல்லாரும் எதையாவது சொல்லித்தான் அழுவார்கள். ஆனால் அதற்குப் பிறகு பன்னிரண்டு நாளும் அவன் தங்கையின் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. அவள் கூடத்துக்கு வந்தால் அவன் கொல்லைக்குப் போனான். ஐந்து வயதில் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு திருவிழா காட்டிய அண்ணன் இப்படி ஒதுங்கினால் என்ன அர்த்தம்?

அதனால்தான் பெட்டி.

சட்டைகளுக்கு அடியில் நாலாக மடித்த ஒரு காகிதம் இருந்தது. உடையப்பனின் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். ஊரில் மனு எழுதவேண்டும் என்றால் அவனிடம்தான் வருவார்கள். செவந்தி நாலாம் வகுப்பு வரை படித்தவள். விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள்.

மேலே, இடது ஓரத்தில், அவன் வழக்கப்படி எழுதிய தேதி: வைகாசி 20.

*பிரமாதி வருஷம்.*

*ஆனி மாதம் பெரியவர் சாவு. வயிற்றுப்போக்கு. நின்றுகொண்டுதான் சாவேன் என்று எழுந்தார்.*

*மூத்தவனுக்குப் பட்டம்.*

*மகனே விருந்தில் விஷம் வைத்தான் என்று பேச்சு. நிஜமா? கேட்க வேண்டும்.*

*கூட இருந்து சதி செய்தவனை விருந்துக்குக் கூப்பிட்டு, சாப்பிட்டு வெளியே வரும்போது குத்து. அவன் கையெழுத்துக் காகிதமே சாட்சி.*

*ஆவணியில் மலை வெடிப்பு. ஊர்கள் சாம்பலுக்குள். கப்பல்காரர் காப்பாற்றப் போய்க் கரையிலேயே சாவு.*

அவள் தேதியை மறுபடி பார்த்தாள். நடக்கிறது பிரமாதி வருஷம். அப்பா செத்தது ஆனி ஒன்பது. காகிதம் எழுதியது வைகாசி இருபது. சாவதற்கு முன்னால் அப்பா, "என்னையத் தூக்கி நிறுத்துடா" என்று எழுந்து விழுந்ததை அண்ணனே பங்காளிகளிடம் சொல்லி அழுததை அவள் கேட்டிருந்தாள். நடக்கப்போவதை இருபது நாளுக்கு முன்னால் எழுதி வைக்க அவன் என்ன பிரம்மாவா? செய்யப்போகிறவன்தான் அப்படி எழுத முடியும்.

கடைசி வரிதான் கொஞ்சம் இடித்தது. மலை எங்கே, கப்பல் எங்கே? ஆனால் சந்தேகப்படத் தொடங்கிவிட்ட மனசுக்கு எதையும் பொருத்திக்கொள்ளத் தெரியும். ஊருக்குத் தெற்கே கல் உடைக்கிற மலை இருக்கிறது, அங்கே வெடி வைக்கிறார்கள். அவள் புருஷன் நாகராசு மாதம் ஒரு தடவை ஜெகதாப்பட்டினம் போய்க் கருவாடு ஏற்றிக்கொண்டு வருகிற வியாபாரி. கரையிலேயே சாவு என்றால் யாருடைய சாவு? அவள் காகிதத்தை இடுப்பில் செருகிக்கொண்டு, பெட்டியை இருந்தபடியே மூடினாள்.

அன்று மாலை நாகராசுவைக் கொல்லைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டுக் காட்டினாள். அவன் முதலில் சிரித்தான். "கருவாட்டு வண்டிக்காரன் கப்பல்காரனாயிட்டேனா?" என்றான். இரண்டாம் தடவை படித்தபோது சிரிப்பு நின்றுவிட்டது.

"ஒங்கண்ணன்கிட்டயே கேட்டுப்புடேன்."

"கேட்டா ஒத்துக்குவானா? காயிதத்தைக் கிழிச்சு அடுப்புல போட்டுட்டு, எந்தக் காயிதம்பான்."

"அப்ப போலீசுக்குப் போவமா?"

அவள் நாளை எண்ணினாள். பதினாறாம் நாள் கருமாதி. அன்றைக்குத் தாய்மாமன் மூக்கன் வந்து, மூத்த மகனான உடையப்பனுக்கு உருமா கட்டவேண்டும். அந்தத் தலைப்பாகை தலையில் ஏறிவிட்டால் அப்பன் இருந்த இடத்தில் இனி அவன்தான். கோயிலில் முதல் மரியாதை அவனுக்கு, ஊர்ப் பஞ்சாயத்தில் அவன் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. அப்புறம் இவள் கத்தினால் யார் காதில் விழும்? செய்வதை உருமாவுக்கு முன்னால் செய்யவேண்டும்.

ஆனாலும் அவசரப்படவில்லை. "கேட்க வேண்டும்" என்று எழுதியிருக்கிறானே, யாரிடம் கேட்பான்? வைகாசி முழுக்க உடையப்பன் ரத்தினவேல் வாத்தியார் வீட்டுக்குப் போய்வந்தான் என்று காத்தாயி சொல்லியிருந்தாள். மறுநாள் செவந்தி பள்ளிக்கூடம் விடுகிற நேரம் பார்த்துப் போனாள். ரத்தினவேல் இலுப்பூரிலிருந்து வந்து அந்த ஊரில் ஐந்து வருஷமாகப் பாடம் சொல்கிறவர், ஒரு எறும்புக்கும் கெடுதல் நினைக்காதவர் என்று பெயர்.

"வாத்தியாரய்யா, பிரமாதி வருஷத்துக் காயிதம் ஒண்ணு எங்கண்ணன் எழுதியிருக்கான். அது என்னங்க?"

வாத்தியார் கையிலிருந்த சாவிக்கொத்து கீழே விழுந்தது. "அதை எங்கம்மா பாத்தீங்க? இங்க வச்சிருக்கீங்களா?"

"எதுக்கு?"

"யாருகிட்டயும் காட்டாதீங்க. வெளிய தெரிஞ்சா தாலுகா கச்சேரி வரைக்கும் போயிரும். என் வேலைக்கும் ஆபத்து. ஒங்க அண்ணனுக்கு நான் வாக்குக் குடுத்திருக்கேன், அவரைக் கேக்காம நான் ஒண்ணும் சொல்ல முடியாது."

எறும்புக்குக் கெடுதல் நினைக்காதவரின் முகத்தில் ஈயாடவில்லை. செவந்திக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? கூட இருந்து சதி செய்தவன் யார் என்பதும் தெரிந்துவிட்டது. பாவி, கருமாதி விருந்தில் தனக்கு என்ன காத்திருக்கிறது என்பது இவருக்குத் தெரியவில்லையே என்று அவருக்காகக்கூட ஒரு நிமிஷம் வருத்தப்பட்டாள்.

பதினாறாம் நாள் காலையில் வீட்டு வாசலில் பந்தல் நிறைய ஆள். பங்காளிகள் ஒரு பக்கம், மாமன் மச்சான்கள் ஒரு பக்கம். உடையப்பன் மொட்டைத் தலையோடு பலகையில் உட்கார்ந்திருந்தான். மூக்கன் மாமா புதுத் துண்டை உதறி, மஞ்சள் தொட்டு வைத்து, இரண்டு கையாலும் எடுத்தார்.

"மாமா, நிறுத்துங்க."

பெண்கள் பக்கத்திலிருந்து செவந்தி நடுப்பந்தலுக்கு வந்தாள். கருமாதி வீட்டில் மகள் அழலாம், மயங்கி விழலாம். மாமன் கையைத் தடுக்க மட்டும் முடியாது. மூக்கனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

"என்னத்தா இது?"

"எங்கப்பன் எப்படிச் செத்தாருன்னு தெரிஞ்சுக்கிட்டு அப்புறம் கட்டுங்க."

காகிதத்தைப் பிரித்துப் படித்தாள். ஒரு எழுத்து விடவில்லை. தேதியை இரண்டு தடவை படித்தாள். கஞ்சியைச் சொன்னாள், சண்டையைச் சொன்னாள், பாடையடியில் கேட்டதைச் சொன்னாள். காத்தாயியைச் சாட்சிக்குக் கூப்பிட்டாள். காத்தாயி தலையை ஆட்டிவிட்டு ஒரு தூணுக்குப் பின்னால் போய்விட்டாள்.  பங்காளிகளில் இரண்டு பேர் பலகையைச் சுற்றி நின்றுகொண்டார்கள், ஓடினால் பிடிக்கலாம் என்பதுபோல.

உடையப்பன் தங்கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். பதினாறு நாளில் அன்றைக்குத்தான் முதல் தடவையாக நேராகப் பார்த்தான்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே செவந்தி" என்றான்.

"கேட்டா என்ன சொல்லியிருப்ப?"

அவன் இடுப்பு வேட்டியின் முடிச்சை அவிழ்த்து, உள்ளேயிருந்து ஒன்றை எடுத்து மூக்கன் மாமாவின் கையில் வைத்தான். விரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய தங்கக் காசு. ஒரு பக்கம் கழுத்துத் தடித்த ஒரு ஆள் முகம். அந்த முகத்தின் மேல் குறுக்காக உளி வெட்டு.

"சித்திரையில மேட்டு வயலை ஆழ உழுதப்பக் கெடச்சுது. அப்பா பாத்ததும், 'மொகத்துல வெட்டு விழுந்த காசு வீட்டுக்கு ஆகாது, எடுத்த எடத்துலயே பொதைச்சுட்டு வாடா'ன்னாரு. நா பொதைச்சுட்டேன்னு பொய் சொன்னேன். வைகாசியில எங்கிட்ட இருக்கிறதப் பாத்துட்டாரு. அதான் சண்டை. இது யாரு மொகம்னு தெரிஞ்சுக்க எனக்கு ஒரு ஆசை. வாத்தியாரய்யா, சொல்லுங்க. இனிமே ஒளிக்க என்ன இருக்கு?"

ரத்தினவேல் வாத்தியார் முன்னால் வந்தார். புதையல் கிடைத்தால் சமஸ்தானத்துக்குச் சேர்க்கவேண்டும் என்பது சட்டம். அதை மறைத்ததற்குத்தான் அவர் பயந்தது. இப்போது பயத்தை விட்டுவிட்டு, பள்ளிக்கூடத்தில் சொல்வதுபோல் நிதானமாகச் சொன்னார்.

"கடலுக்கு அங்கிட்டு ரோமாபுரின்னு ஒரு பெரிய ராச்சியம் இருந்துச்சுங்க. அவங்க கப்பல் நம்ம கரைக்கு வந்து மெளகு வாங்கிட்டுப் போகும், வெலைக்கு இந்தக் காசுதான். இதுல இருக்கிறது டைட்டஸ்ங்கிற ராசா. காசுல இருக்கிற எழுத்தை நான் காப்பி பண்ணிப் புதுக்கோட்டையில படிச்ச ஒருத்தர்கிட்டக் கேட்டேன். கிறிஸ்து பொறந்து எழுபத்தொன்பதாம் வருஷம் அடிச்சதுன்னாரு. அந்த ஒரு வருஷத்துல நடந்ததையெல்லாம் நான் சொல்லச் சொல்ல ஒடையப்பன் குறிச்சுக்கிட்டாரு. பெரியவர்னா டைட்டசோட அப்பா வெஸ்பாசியன். ராசான்னா நின்னுக்கிட்டுதான் சாகணும்னு எந்திரிச்சாராம். விருந்துக்குப் போய்க் குத்துப்பட்டவன் ஒரு தளபதி. வெடிச்சது வெசுவியஸ்னு ஒரு நெருப்பு மலை. ஊரு ஊரா சாம்பலுக்குள்ள போனப்ப, ஆளுகளைக் காப்பாத்தக் கப்பல் விட்ட தலைவர் கரையிலயே மூச்சடைச்சுச் செத்தாரு."

"அப்ப பிரமாதின்னு போட்டிருக்கே?" என்றார் மூக்கன்.

"இந்தப் பிரமாதி இல்லைங்க. முப்பத்தோரு சுத்துக்கு முந்தின பிரமாதி. எனக்கு எழுபத்தொன்பதுதான் தெரியும். ஒடையப்பன்தான் சுவத்துல கரியால எழுதி, இந்த வருஷத்துலருந்து அறுபது அறுபதாக் கழிச்சுக்கிட்டே போயி, 'அட, அதுவும் நம்ம பிரமாதிதான் வாத்தியாரே'ன்னு குதிச்சாரு."

நம் வழக்கம் அப்படி. பிள்ளை பிறந்தால் வருஷத்தின் பெயர், பத்திரம் எழுதினால் வருஷத்தின் பெயர். எந்தச் சுற்று என்று யாரும் எழுதுவதில்லை, எழுதுகிறவனுக்கும் படிக்கிறவனுக்கும் தெரிந்ததுதானே என்று விட்டுவிடுவோம். உடையப்பனும் அப்படித்தான் விட்டான்.

"சரிப்பா, கஞ்சி? நாந்தான்னு அழுதியாமே?" என்று ஒரு பங்காளி கேட்டார்.

உடையப்பன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "ஆனி பொறந்து அப்பாவுக்கு வயித்தால போனதும் எனக்குக் குலை நடுங்கிருச்சு. எழுதுனதெல்லாம் வரிசையா நடக்குது. அதுல விஷம்னு வேற இருக்கு. அதான் வேற யாரு கையும் படவேணாம்னு நானே வச்சு நானே குடுத்தேன். எந்திரிச்சு நின்னாரு பாருங்க, அப்பவே தெரிஞ்சுபோச்சு எனக்கு. வேணாம்னு சொன்ன காசை வச்சுக்கிட்டு, வேற ஊரு சாவை எங்க வருஷத்துப் பேரைப் போட்டு எழுதி, எங்கப்பனை நாந்தான் அனுப்பிட்டேன். இதை நா யாருகிட்டப் போயிச் சொல்ல? ஒன் மூஞ்சியில எப்படி முழிக்க செவந்தி?"

அவன் பெரிதாக அழுதான். செவந்திக்கு அண்ணன் காலில் விழலாமா, கிணற்றில் விழலாமா என்று இருந்தது. காசைத் தாலுகா கச்சேரியில் ஒப்படைத்துவிடுவது என்று மூக்கன் முடிவு சொன்னார். எல்லாரும் மூச்சு விட்டார்கள். ஒன்றிரண்டு பேர் சிரிக்கக்கூடச் செய்தார்கள்.

"வாத்தியாரே, அந்த டைட்டஸு நெசமாவே அப்பனுக்கு விஷம் வச்சானா?" என்று நாகராசு கேட்டான். கேட்டிருக்கவேண்டாம்.

"இல்லைன்னுதாங்க படிச்சவங்க சொல்றாங்க. சாதாரண வயித்துப்போக்குதான். ஆனா அன்னைக்கு யாரோ ஒருத்தர் சொன்னது, ஆயிரத்தெண்ணூத்தி அறுபது வருஷமா புஸ்தகத்துல கெடக்கு."

உடையப்பன் அதைக் கேட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். குனிந்த தலையில் மூக்கன் மாமா உருமாவைக் கட்டினார்.

பிறகு பந்தி போட்டார்கள். முதல் பந்தியில் நாற்பது இலை. மாமன் மச்சான்கள் வரிசையில் மூக்கனும் நாகராசுவும், பெண்கள் வரிசையில் செவந்தி. உருமா கட்டினவன் முதல் பந்திக்குத் தன் கையால் சோறு போடவேண்டும். உடையப்பன் போட்டான். பருப்பும் கத்தரிக்காய்க் குழம்பும் ஊற்றினான். "சாப்பிடுங்க" என்றான்.

ஒருத்தர் தண்ணீரைக் குடித்தார். ஒருத்தர் அப்பளத்தை நொறுக்கி நொறுக்கி ஓரமாக வைத்தார். நாகராசு சோற்றைப் பிசைந்தான், பிசைந்தான், பிசைந்துகொண்டே இருந்தான். மூக்கன் மாமாவுக்குத் திடீரென்று தொண்டை கமறியது. நாற்பது பேரும் ஒருத்தர் இலையை ஒருத்தர் பார்த்தார்கள்.

செவந்தி எல்லாம் அறிந்தவள். காசைக் கண்ணால் பார்த்துவிட்டாள், வாத்தியார் சொன்னதைக் கேட்டுவிட்டாள், அண்ணனின் அழுகை நிஜம் என்பதில் அவளுக்கு ஒரு இம்மிகூடச் சந்தேகம் இல்லை. முதல் வாயை நாம் எடுத்து வைத்தால் எல்லாரும் சாப்பிடுவார்கள் என்பதும் தெரிந்தது. கையைச் சோற்றில் வைத்தாள். கை அங்கேயே நின்றுவிட்டது.

உடையப்பன் வரிசையை ஒரு தடவை பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. குழம்பு வாளியைக் கீழே வைத்துவிட்டு ஒரு வெற்றிலையளவு இலைத்துண்டு கிழித்து எடுத்தான். மூக்கன் மாமாவின் இலையில் குனிந்து ஒரு கிள்ளு சோறு எடுத்து அதில் வைத்துக்கொண்டான். அடுத்த இலையில் ஒரு கிள்ளு. அதற்கு அடுத்ததில் ஒரு கிள்ளு. எல்லாருக்கும் தெரியும்படி நடுவில் நின்று தின்றுகாட்டப்போகிறான் என்பது தெரிந்துவிட்டது. 'சே, என்னப்பா இது, வேண்டாம்' என்று ஒரு ஆள் சொல்லியிருந்தால் போதும், அவன் நின்றிருப்பான். நாகராசு இலையில் எடுத்தபோது நாகராசு இலையைக் கொஞ்சம் முன்னால் நகர்த்திக் கொடுத்தான்.

பெண்கள் வரிசைக்கு வந்தான். செவந்தியின் இலைக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

"அண்ணே" என்றாள் அவள்.

அவன் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான். அடுத்த வார்த்தைக்காகக் கொஞ்ச நேரம் காத்திருந்தான். அது வரவில்லை. அவள் இலையிலிருந்தும் ஒரு கிள்ளு எடுத்துக்கொண்டு பக்கத்து இலைக்கு நகர்ந்தான்.